ரீனோ கேசினோ பயணம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கலிஃபோர்னியாவின் பே ஏரியாவில் இருக்கும் நம் ஆட்களுக்கு லாங் வீக்கெண்ட் நெருங்கினால் ரீனோ ஞாபகம் வந்துவிடும். லாஸ் வேகாஸுக்கு விமானம் பிடிக்க வேண்டும். ரீனோவுக்குக் காலையில் காரை எடுத்தால் மதியச் சாப்பாட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிடலாம். கிளம்பும் முன் என்னிடம் கேட்கப்படும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றுதான் என்பதால், கேட்டவர்களின் வார்த்தையிலேயே அவற்றை எழுதிப் பதிலையும் சேர்த்திருக்கிறேன். சூதாட்டத்தில் சம்பாதிக்க வழி தேடுபவர்களுக்கு இதில் எதுவும் இல்லை. ஒரு தொகையைத் தெரிந்தே செலவு செய்து, இரண்டு நாள் சந்தோஷமாக இருந்துவிட்டு வர நினைப்பவர்களுக்காக எழுதியது.

ரீனோ எங்க இருக்கு? வேகாஸ் மாதிரி பெரிய ஊரா?

நெவாடா மாநிலத்தின் வடமேற்கு ஓரத்தில், சியரா நெவாடா மலைத்தொடருக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. உயரம் சுமார் 4,500 அடி. சான் ஃபிரான்சிஸ்கோவிலிருந்து ஐ-80 நெடுஞ்சாலையில் ஏறக்குறைய 220 மைல். நெரிசல் இல்லாவிட்டால் நாலு மணி நேரம். கார் ஓட்டப் பிடிக்காதவர்கள் எமரிவில்லில் ஆம்ட்ராக்கின் கலிஃபோர்னியா செஃபிர் ரயிலில் ஏறலாம். நாளுக்கு ஒரே வண்டி, சுமார் ஏழு மணி நேரம். மலை ஏறும் அந்த வழியின் அழகுக்காகவே ஒரு தடவை போகலாம்.

வேகாஸோடு ஒப்பிட்டால் சின்ன ஊர். டவுன்டவுனில் தெருவுக்குக் குறுக்கே நிற்கும் விளக்கு வளைவிலேயே 'உலகின் மிகப் பெரிய சின்ன நகரம்' என்று எழுதியிருக்கும். 1931-இல் நெவாடா சூதாட்டத்தைச் சட்டபூர்வமாக்கியபோது, அதற்குப் பேர்போன ஊராக வளர்ந்தது முதலில் ரீனோதான்; வேகாஸ் பிற்பாடுதான் முந்தியது. ஊர் சின்னதாக இருப்பதில் நமக்கு லாபம் உண்டு: ரூம் வாடகை, மேசையில் வைக்க வேண்டிய குறைந்தபட்சப் பந்தயம், பார்க்கிங் எல்லாமே பொதுவாக வேகாஸின் கேசினோ வீதியான ஸ்ட்ரிப்பை விடக் குறைவு.

தண்டர் வேலி, கேஷ் க்ரீக் எல்லாம் பக்கத்துலயே இருக்கே, மலையைத் தாண்டி எதுக்குப் போகணும்?

பணம் போட்டுப் பட்டனை அழுத்தும் ஸ்லாட் மெஷின் மட்டும்தான் ஆடுவீர்கள் என்றால் போக வேண்டியதில்லை. நீங்கள் சொல்லும் இந்த இரண்டு மாதிரி கலிஃபோர்னியாவின் பழங்குடியினர் நடத்தும் கேசினோக்களே போதும், பெட்ரோலும் மிச்சம்.

ஆனால் அங்கே உண்மையான பகடையோ, எண் போட்ட சக்கரத்தில் சுழலும் ரூலெட் பந்தோ ஆட்டத்தின் முடிவைத் தீர்மானிக்கச் சட்டம் விடாது. அதனால் பகடை ஆட்டமான கிராப்ஸும் ரூலெட்டும் சீட்டை வைத்து நடக்கும் மாற்று வடிவத்தில்தான் இருக்கும். பகடையைக் கையில் எடுத்து உருட்டிப் பார்க்க ஆசை என்றால் நெவாடா எல்லையைத் தாண்டித்தான் ஆக வேண்டும். இன்னொரு காரணம் ஊர். கேசினோவை விட்டு வெளியே வந்தால் ட்ரக்கி ஆறு, நாற்பது ஐம்பது நிமிடத்தில் டாஹோ ஏரி, பழைய வெள்ளிச் சுரங்க ஊரான வர்ஜீனியா சிட்டி என்று பார்க்க நிறைய இருக்கிறது. கேசினோவுக்கு வெளியே செலவாகும் நேரம் பர்ஸுக்கு நல்லது.

எவ்வளவு பணம் எடுத்துட்டுப் போகணும்?

எவ்வளவு ஜெயிக்கலாம் என்று யோசிக்காமல், ஒரு மணி நேரம் ஆட எவ்வளவு ஆகும் என்று யோசித்தால் விடை தானாக வரும். கணக்கு சுலபம்: ஒரு ஆட்டத்துக்கு வைக்கும் பணம், மணிக்கு எத்தனை ஆட்டம், கேசினோவின் சாதகம் (வைக்கும் பணத்தில் சராசரியாக அவர்களிடம் தங்கும் பங்கு) எத்தனை சதவீதம், இந்த மூன்றையும் பெருக்குங்கள்.

பிளாக்ஜாக் என்பது 21-ஐத் தாண்டாமல் டீலரை (சீட்டுப் போடும் கேசினோ ஊழியரை) முந்தப் பார்க்கும் சீட்டாட்டம். குறைந்தபட்சப் பந்தயம் 15 டாலராக உள்ள மேசையில் மணிக்கு 60 கை, அதாவது 60 சுற்று, ஆடுகிறீர்கள், விதிகள் நன்றாக இருந்து, எந்தக் கைக்கு என்ன செய்ய வேண்டும் என்ற அட்டவணைப்படியும் ஆடுகிறீர்கள் என்றால் கேசினோவின் சாதகம் 0.6 சதவீதத்தை ஒட்டி இருக்கும். சராசரியாக மணிக்கு ஐந்து, ஆறு டாலர். 'பென்னி' (ஒரு சென்ட்) ஸ்லாட் என்று பெயர் இருந்தாலும் ஒரு சுற்றுக்கு ஒரு டாலர் சாதாரணமாகப் போகும். பட்டனை அழுத்திக்கொண்டே இருந்தால் மணிக்கு 600 சுற்று. 6 சதவீதம் என்று வைத்தாலும் 36 டாலர். பார்த்தால் சின்னதாகத் தெரியும் பந்தயம்தான் அதிகம் தின்கிறது.

இது சராசரி மட்டும்தான். ஒரு மாலையில் இதைப் போலப் பல மடங்கு போகலாம், வரவும் செய்யலாம். 15 டாலர் மேசையில் இரண்டு மூன்று மணி நேரம் உட்கார 300 முதல் 400 டாலர் இருந்தால் பாதியில் எழுந்துபோக வேண்டிய நிலை பெரும்பாலும் வராது. அதை நாளுக்கு ஒரு கவராகப் பிரித்து ரொக்கமாக எடுத்துப் போங்கள். டெபிட் கார்டை ரூம் லாக்கரில் வைத்துவிடுங்கள். கேசினோ ஏடிஎம்-இல் கட்டணம் அதிகம். கிரெடிட் கார்டில் பணம் எடுத்தால் அன்றிலிருந்தே வட்டி ஓடும். இந்தப் பக்கத்தில் ஒன்றே ஒன்றைக் கடைப்பிடிப்பீர்கள் என்றால் இந்தக் கவர் விஷயத்தைக் கடைப்பிடியுங்கள்.

எப்ப போனா ரூம் சீப்பா கிடைக்கும்?

ஞாயிறு இரவிலிருந்து வியாழன் வரை. அதே ரூம் வெள்ளி, சனியில் இரண்டு மூன்று மடங்கு ஆவது சகஜம். இணையத்தில் முதலில் காட்டும் வாடகையை நம்பாதீர்கள். ரிசார்ட் ஃபீ என்று ஹோட்டல் தனியாகச் சேர்க்கும் கட்டணம், வரி எல்லாம் கூட்டிய மொத்தத்தைப் பாருங்கள்.

ஆகஸ்ட் தொடக்கத்தில் பழைய கார்களின் திருவிழாவான ஹாட் ஆகஸ்ட் நைட்ஸ் நடக்கும். ஆகஸ்ட் கடைசியிலிருந்து லேபர் டே (செப்டம்பரின் முதல் திங்கள்) வரை பிளாக் ராக் பாலைவனத்தில் பர்னிங் மேன் என்ற கலை விழா. அதற்குப் போகிறவர்களும் திரும்புகிறவர்களும் ரீனோ வழியாகத்தான் வருவார்கள், ரூம் கிடைப்பதே பாடு. செப்டம்பரில் பலூன் திருவிழா. விடியற்காலையில் வானம் நிறைய வெப்பக்காற்றுப் பலூன்கள் கிளம்பும், அனுமதி இலவசம். குடும்பத்தோடு போவதாக இருந்தால் கொஞ்சம் கூடுதல் வாடகை கொடுத்தாவது அப்போது போகலாம் என்பேன்.

டிசம்பர்ல கார்ல போறது சேஃபா?

ஐ-80 டானர் கணவாயில் 7,200 அடிக்கு மேல் ஏறி இறங்குகிறது. பனிப்புயல் வந்தால் சாலையையே மூடிவிடுவார்கள். மூடாவிட்டாலும் டயரில் பனிச் சங்கிலி மாட்டச் சொல்லும் செயின் கட்டுப்பாடு வரும். 'ஆர்-2' என்று அறிவித்தால், நான்கு சக்கர இயக்கமும் நான்கிலும் பனி டயரும் உள்ள வண்டிகளைத் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் செயின் கட்டாயம். அந்த வண்டிக்காரர்களும் செயினைக் கையில் வைத்திருக்க வேண்டும்.

கிளம்பும் முன் கலிஃபோர்னியா போக்குவரத்துத் துறையான கால்ட்ரான்ஸின் சாலை நிலவர வரைபடம் குவிக்மேப்பைப் பாருங்கள். செயினை வீட்டு வாசலிலேயே ஒரு தடவை மாட்டிப் பழகுங்கள். இருட்டில், பனியில், பக்கத்தில் லாரிகள் போகும்போது கற்றுக்கொள்ளும் வேலை இல்லை அது. போர்வை, தண்ணீர், டார்ச், முழு டேங்க் பெட்ரோல் வேண்டும். திங்கட்கிழமை காலை ஆபீஸில் இருந்தே ஆக வேண்டும் என்றால், புயல் அறிவிப்பு உள்ள வாரத்தில் போகவே போகாதீர்கள்.

எந்த ஹோட்டல்ல தங்கலாம் அண்ணா?

முதல் தடவை, அதுவும் குளிர்காலம் என்றால் டவுன்டவுனில் எல்டோராடோ, சில்வர் லெகசி, சர்க்கஸ் சர்க்கஸ். மூன்றையும் மேல்தளப் பாலங்களால் இணைத்து 'தி ரோ' என்று அழைக்கிறார்கள். பனியில் கால் வைக்காமல் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு நடக்கலாம். ஒரு மேசையின் விதி பிடிக்கவில்லை என்றால் அடுத்த கட்டடத்தில் பார்க்கலாம்.

ரூம் நன்றாக இருக்க வேண்டும் என்றால் தெற்கே பெப்பர்மில், அட்லாண்டிஸ். கிராண்ட் சியரா ஊருக்குக் கிழக்கே, விமான நிலையத்தை ஒட்டி இருக்கிறது. 1978-இல் எம்ஜிஎம் கிராண்ட் என்ற பெயரில் திறந்தது. இவை ஒவ்வொன்றும் தனித்தனியாக இருப்பதால் மாறி மாறிப் போகக் கார் வேண்டும்.

அப்பா அம்மா இந்தியால இருந்து வந்திருக்காங்க. அவங்களையும் கூட்டிட்டுப் போகலாமா?

தாராளமாக. புடவை, வேட்டி எதற்கும் தடையில்லை. பாஸ்போர்ட் ஒரிஜினல் கையில் இருக்க வேண்டும். நரைத்த தலையைப் பார்த்து வயதை யாரும் சந்தேகப்படப் போவதில்லை. ஆனால் பெரிய தொகை அடித்தால் அடையாள அட்டை இல்லாமல் பணம் தர மாட்டார்கள்.

கவனிக்க வேண்டியது புகை. நெவாடா கேசினோக்களில் உள்ளேயே சிகரெட் பிடிக்கலாம். ஆஸ்துமா இருப்பவர்களை உள்ளே நீண்ட நேரம் உட்கார வைக்காதீர்கள். ரூம் எடுக்கும்போது புகையில்லாத தளத்தைக் கேட்டு வாங்குங்கள். காய்கறிச் சாப்பாட்டுக்காரர்களுக்குக் கேசினோ பஃபேயில் பாதி வரிசை பயன்படாது. புளியோதரையும் தயிர்சாதமும் கட்டிக்கொண்டு போனால் ஒரு வேளை கவலை தீர்ந்தது.

பசங்களை என்ன பண்றது?

21 வயதுக்குக் கீழே உள்ளவர்கள் ஆடவும் கூடாது, ஆடும் இடத்தில் நிற்கவும் கூடாது. லிஃப்டுக்கோ ஹோட்டலுக்கோ போகும் வழியாக நடந்து கடக்கலாம். நீங்கள் ஸ்லாட்டில் ஆட, பக்கத்தில் பிள்ளை நின்று பார்ப்பது ஆகாது. சர்க்கஸ் சர்க்கஸில் மேல்தளம் பிள்ளைகளுக்கானது, விளையாட்டுகளும் சர்க்கஸ் வித்தைகளும் இருக்கும். டவுன்டவுனில் உள்ள தேசிய ஆட்டோமொபைல் மியூசியத்தில் ஹாரா கேசினோ முதலாளி சேர்த்த பழைய கார்கள் இருக்கின்றன.

கணவன் மனைவி முறைவைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். ஆர்கேடிலோ ரூமிலோ பிள்ளைகளைத் தனியாக விட்டுவிட்டுக் கீழே ஆடப் போகும் வேலை வேண்டவே வேண்டாம்.

டேபிள்ல உட்காரவே பயமா இருக்கு. தப்பா ஏதாவது பண்ணிட்டா?

முதல் ஐந்து நிமிடம் எல்லாருக்கும் அப்படித்தான். மேசை ஓரத்தில் ஒரு சின்னப் பலகை இருக்கும். குறைந்தபட்சம், அதிகபட்சம் இரண்டும் அதில் எழுதியிருக்கும், முதலில் அதைப் படியுங்கள். நடந்துகொண்டிருக்கும் கை முடிந்த பிறகு உட்காருங்கள். பணத்தை டீலர் கையில் நீட்டாதீர்கள், அவர் வாங்க மாட்டார். மேசைத் துணிமேல் வையுங்கள். அவர் நோட்டுகளை ஒவ்வொன்றாகக் கேமராவுக்குத் தெரியும்படி பரப்பி, தொகையை உரக்கச் சொல்வார். பின்னால் நின்று மேசைகளைக் கவனிக்கும் பிட் மேற்பார்வையாளர் ஒரு பார்வை பார்ப்பார். அப்புறம் டீலர் சிப்பை (பணத்துக்குப் பதிலாகத் தரும் வில்லை) எண்ணி உங்கள் பக்கம் தள்ளிவிட்டு, நோட்டுகளை மேசையில் உள்ள துளைக்குள் ஒரு தகட்டால் அழுத்திவிடுவார். சிவப்பு சிப் 5 டாலர், பச்சை 25, கறுப்பு 100.

சீட்டுகள் முகம் மேலே தெரியும்படி போடப்பட்டால் தொடக் கூடாது. இன்னொரு சீட்டு வேண்டுமென்றால் விரலால் மேசையைத் தட்டுங்கள், வேண்டாமென்றால் கையைக் குறுக்கே வீசுங்கள். வாயால் சொன்னால் போதாது, சைகை கேமராவில் தெரிய வேண்டும். போனை மேசைமேல் வைக்காதீர்கள். பானங்கள் ஆடுபவர்களுக்கு இலவசம். கொண்டு வருபவருக்கு ஒவ்வொரு தடவையும் ஒன்றிரண்டு டாலர் டிப்ஸ் கொடுப்பது வழக்கம். வார நாள் காலையில் போனால் மேசை காலியாக இருக்கும், டீலரே பொறுமையாகச் சொல்லிக் கொடுப்பார்.

எதுல ஆடினா கம்மியா தோப்போம்?

கேசினோவின் சாதகம் குறைவாக உள்ளதில். பேக்கரா என்ற சீட்டாட்டத்தில் எந்தப் பக்கம் ஜெயிக்கும் என்று பந்தயம் வைக்க வேண்டும்; அந்தச் சாதகம் 'பேங்கர்' பக்கம் 1.06 சதவீதம், 'பிளேயர்' 1.24. யோசிக்கவே வேண்டியதில்லை. ஆனால் 'டை' (இரண்டு பக்கமும் சமம்) பந்தயத்தில் 14 சதவீதத்துக்கு மேல், அதைத் தொடாதீர்கள். கிராப்ஸில் 'பாஸ் லைன்' (பகடை உருட்டுபவர் ஜெயிப்பார் என்ற அடிப்படைப் பந்தயம்) 1.41 சதவீதம். ரூலெட் சக்கரத்தில் ஒரு பூஜ்யம் இருந்தால் 2.7, இரண்டு பூஜ்யம் இருந்தால் 5.26, மூன்று இருந்தால் 7.69. சக்கரத்தை எட்டிப் பார்த்து பூஜ்யத்தை எண்ணிவிட்டு உட்காருங்கள்.

வீடியோ போக்கர் தெரிந்தவர்கள் 'ஜாக்ஸ் ஆர் பெட்டர்' மெஷினின் பட்டியலைப் படியுங்கள். வைத்த பணத்துக்கு ஃபுல் ஹவுஸுக்கு 9 மடங்கு, ஃப்ளஷுக்கு 6 மடங்கு என்றிருந்தால் சரியாக ஆடுபவருக்கு 99.5 சதவீதம் திரும்பும். அதே இடத்தில் 8, 5 என்றிருந்தால் 97.3. பக்கத்துப் பக்கத்து மெஷினில்கூட இது மாறும். எண்களைத் தேர்ந்தெடுத்துக் குறிக்கும் கீனோ ரீனோவுக்குச் சொந்தமான ஆட்டம். சீனர்கள் ஆடிய பழைய லாட்டரியிலிருந்து 1930-களில் இங்கே உருவெடுத்தது. ஆனால் அதில் கேசினோவின் சாதகம் 25 சதவீதத்தைத் தாண்டும். ஊரின் ஞாபகத்துக்கு ஒரு சீட்டு எழுதிப் பாருங்கள், அதோடு சரி.

பிளாக்ஜாக்ல 3:2, 6:5னு போட்டிருக்கே, அதுல என்ன இருக்கு?

நிறைய இருக்கிறது. சின்ன ஊர் என்பதால் கிடைக்கும் மலிவைக் கேசினோ திரும்பப் பிடுங்கிக்கொள்வது இந்த இடத்தில்தான். முதல் இரண்டு சீட்டிலேயே 21 வந்தால் 3:2 மேசையில் 15 டாலருக்கு 22.50 கிடைக்கும், 6:5 மேசையில் 18 மட்டும். ஏறக்குறைய 21 கைக்கு ஒரு தடவை இது வரும். மணிக்கு மூன்று தடவை, ஒவ்வொன்றிலும் நாலரை டாலர் குறைவு. முன்னால் மணிக்கு ஐந்தாறு டாலர் என்று சொன்ன கணக்கு 18 டாலருக்குப் போய்விடும்.

10 டாலர் 6:5 மேசையை விட 15 டாலர் 3:2 மேசை உண்மையில் மலிவு. மேசைத் துணியிலேயே எழுதியிருக்கும், இல்லாவிட்டால் உட்காரும் முன் டீலரிடம் கேளுங்கள். கேட்பதில் வெட்கம் எதுவும் இல்லை.

இந்த ஸ்லாட்ல ரொம்ப நேரமா ஒண்ணும் விழலை. இனிமே விழும்தானே?

இல்லை. ஒவ்வொரு சுற்றும் புதிதாகப் பிறக்கும் எண். முந்தைய சுற்றில் என்ன ஆனது என்று அதற்குத் தெரியாது. நீங்கள் எழுந்த பிறகு அடுத்தவருக்கு அடித்தாலும், நீங்கள் உட்கார்ந்திருந்தால் உங்களுக்கு அடித்திருக்கும் என்று அர்த்தமில்லை. பட்டனை அழுத்தும் நொடி மாறினாலே முடிவு மாறும்.

தோத்தா டபுள் பண்ணிட்டே போனா ஒரு நாள் ஜெயிச்சுத்தானே ஆகணும்?

15, 30, 60, 120, 240, 480. ஆறு தடவை தோற்றால் 945 டாலர் போயிருக்கும். ஏழாவதுக்கு 960 வைக்க வேண்டும், அதுவும் 15 டாலர் லாபத்துக்காக. மேசையின் அதிகபட்சம் பெரும்பாலும் அதற்கு முன்னாலேயே தடுத்துவிடும். ஓரத்துப் பலகையைப் படிக்கச் சொன்னது இதற்கும்தான். இரண்டு பூஜ்ய ரூலெட்டில் கறுப்பு, சிவப்பு என்று வைத்தால் ஆறு தடவை தொடர்ந்து தோற்கும் வாய்ப்பு சுமார் 47-இல் ஒன்று. ஒரு மாலை முழுக்க ஆடுபவருக்கு இது எட்டாத தூரம் இல்லை.

சீட்டை எண்ணி ஆடினா போலீஸ் பிடிக்குமா?

பிளாக்ஜாக்கில் வெளிவந்த சீட்டுகளைக் கணக்கு வைத்து, மீதி எப்படி இருக்கும் என்று மனதுக்குள் எண்ணுவது நெவாடாவில் குற்றமில்லை. எட்வர்ட் தோர்ப் என்ற கணிதப் பேராசிரியர் 1961-இல் தன் கணக்கைச் சோதிக்க வந்தது ரீனோ, டாஹோ பக்கம்தான். ஆனால் கேசினோவுக்குச் சந்தேகம் வந்தால் 'நீங்கள் பிளாக்ஜாக் ஆட வேண்டாம்' என்று சொல்ல உரிமை உண்டு. போன், வாட்ச், ஆப் என்று எந்தக் கருவியின் உதவியோடு எண்ணினாலும் அது கடுமையான குற்றம். விசாவில் இருப்பவர்கள் விளையாட்டுக்குக்கூட இதை முயற்சி செய்ய வேண்டாம்.

பிளேயர்ஸ் கார்டு வாங்கினா ஃப்ரீ ரூம் தருவாங்களாமே?

தருவார்கள். நீங்கள் ஆடுவதைக் கேசினோ பதிவு செய்யும் உறுப்பினர் அட்டை அது; கார்டும் இலவசம், வாங்குங்கள். ஆனால் அந்த ரூம் எங்கிருந்து வருகிறது என்று தெரிய வேண்டும். நீங்கள் எவ்வளவு வைத்து, எவ்வளவு நேரம் ஆடுகிறீர்கள் என்று பார்த்து, பணத்துக்கு நாம் போட்ட அதே மணிக் கணக்கைத்தான் அவர்களும் போடுகிறார்கள். வரும் தொகையில் ஒரு பங்கை ரூமாகவும் சாப்பாடாகவும் திருப்பித் தருகிறார்கள். 80 டாலர் ரூமுக்காகக் கூடுதலாக 300 டாலர் தோற்பது இலவசம் ஆகாது. ஏற்கெனவே ஆட நினைத்ததை ஆடுங்கள், கிடைப்பதை வாங்கிக்கொள்ளுங்கள்.

ஜெயிச்சா டாக்ஸ் கட்டணுமா?

கட்ட வேண்டும். வரிக் கணக்கில் அமெரிக்கவாசியாக இருப்பவர்களுக்கு (கிரீன் கார்டு உள்ளவர்கள், பல வருடமாக ஹெச்-1பி வேலை விசாவில் இருப்பவர்கள்) ஜெயித்தது முழுவதும் வருமானம். ஸ்லாட்டில் ஒரே அடியில் பெரிய தொகை வந்தால் கேசினோ டபிள்யூ-2ஜி என்ற வரிப் படிவம் தரும். இதற்கான வரம்பு 1,200 டாலராக இருந்து 2026 முதல் 2,000 ஆகியிருக்கிறது. படிவம் வராவிட்டாலும் கணக்கில் காட்ட வேண்டும். நெவாடாவில் மாநில வருமான வரி கிடையாது. ஆனால் நீங்கள் கலிஃபோர்னியாவில் குடியிருந்தால் கலிஃபோர்னியாவுக்குக் கட்ட வேண்டும். தோற்றதைக் கழிக்கலாம், செலவுகளை ஒவ்வொன்றாகப் பட்டியலிட்டுக் கழிப்பவர்களுக்கு மட்டும். அதிலும் 2026 முதல் நஷ்டத்தில் 90 சதவீதம்தான்.

சுற்றுலா விசாவில் வந்த பெற்றோர் கதை வேறு. ஸ்லாட்டில் ஜாக்பாட் அடித்தால் 30 சதவீதத்தை அங்கேயே பிடித்துக்கொள்வார்கள். இந்தியாவுடனான வரி ஒப்பந்தத்தில் இதற்கு விலக்கு இல்லை. பிளாக்ஜாக், பேக்கரா, கிராப்ஸ், ரூலெட், பிக் சிக்ஸ் சக்கரம் ஆகியவற்றில் ஜெயித்தால் அவர்களுக்கு இந்தப் பிடித்தம் கிடையாது. 'அம்மா மெஷினில் அடித்தது, மகன் பெயரில் எழுதிக்கொள்ளலாம்' என்று இடம் மாறி உட்காராதீர்கள். பட்டனை யார் அழுத்தினார் என்பது கேமராவில் இருக்கிறது.

ஹெச்-1பி-ல இருக்கேன். கேசினோ போனா கிரீன் கார்டுக்குப் பிரச்சினை வருமா?

சட்டபூர்வமான இடத்தில், 21 வயதுக்கு மேல், பொழுதுபோக்குக்கு ஆடுவதால் வராது. பின்னால் குடியுரிமைக்குப் போகும்போது சட்டம் பார்ப்பது, சட்டவிரோதச் சூதாட்டத்தால் பிழைத்தாரா, சூதாட்டக் குற்றங்களில் தண்டனை பெற்றாரா என்பதைத்தான். ஜெயித்ததை வரிக் கணக்கில் மறைப்பதுதான் உண்மையான ஆபத்து.

கூட வர்ற ஃப்ரெண்ட் கவர் காலியானாலும் நிறுத்தறதில்லை. ஏடிஎம்-க்குப் போயிட்டே இருக்கான். என்ன செய்யலாம்?

அங்கேயே எல்லார் முன்னாலும் சண்டை போடாதீர்கள். சாப்பிடவோ வெளியே நடக்கவோ கூட்டிப் போங்கள். பணம் கடன் கேட்டால் கொடுக்காதீர்கள். எவ்வளவு நெருக்கமானவராக இருந்தாலும் அந்த ஊரில் வைத்துக் கொடுக்க வேண்டாம். 'விட்டதைப் பிடிக்கணும்' என்ற பேச்சு, வீட்டில் தொகையை மறைப்பது, அடுத்த பயணத்தை உடனே திட்டமிடுவது எல்லாம் தெரிந்தால் அவர் பொழுதுபோக்கைத் தாண்டிவிட்டார். அடுத்த முறை ரீனோவுக்கு அவரைக் கூப்பிடாதீர்கள், டாஹோவுக்குக் கூப்பிடுங்கள்.

நெவாடா விதிப்படி ஒவ்வொரு கேசினோவும் சூதாட்ட அடிமைத்தனத்துக்கான உதவி எண்ணைப் பணம் மாற்றும் கவுண்டர் பக்கத்திலும் ஏடிஎம் பக்கத்திலும் வைத்திருக்க வேண்டும். கட்டணமில்லாத அழைப்பு. தனக்குக் கடன் தரக் கூடாது, செக்கை மாற்றித் தரக் கூடாது, இலவச ரூம் என்று ஆசை காட்டும் தபால் அனுப்பக் கூடாது என்று அவரே எழுதிக் கொடுக்கவும் வழி இருக்கிறது. பிளேயர்ஸ் கார்டு கொடுக்கும் கவுண்டரில் கேட்டால் யாரிடம் போக வேண்டும் என்று சொல்வார்கள். அவர் தனியாகப் போகத் தயங்கினால் கூடவே போய் நில்லுங்கள்.